கிராபிக்ஸ் கார்டு: நான் சொன்னதே நடந்தது

செவ்வாய், இரவு. போடி.

நான் சொன்னதே நடந்தது. புது கிராபிக்ஸ் கார்டை இன்று கம்பெனியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாக நான் எல்லோரிடமும் படத்தில் காட்டி வந்த அதே கார்டு, அதே இரட்டை விசிறி.

மாப்பிள்ளை சிக்கந்தர் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கார்டு பாதி வேலையில் நின்றுபோகிறது என்று, வேறொன்று வாங்க மதுரைக்குக் கிளம்பினார். வரப்போகும் புதுசின் படம் நெட்டில் கசிந்திருக்கிறது, பொறுங்கள் என்று தடுத்தேன்.

"எவனோ கிறுக்கன் போட்ட படம் மாமா. ஒண்ணுமே தெரியல."

"மங்கலா இருக்குறதுனாலதான் நம்புறேன் மாப்ளே."

எங்கள் ஏலக்காய் வியாபாரத்தில் ஏமாற்ற நினைப்பவன் பளிச்சென்றுதான் படம் அனுப்புவான். அடுத்தவர் தோட்டத்து விளைச்சலை நம் ஆள் ஒளிந்து நின்று எடுத்தால் அது கலங்கித்தான் வரும். இதைச் சொன்னால் யார் நம்பினார்கள்? என் சொல்லுக்காக மாப்பிள்ளை பழைய கார்டோடு காத்திருந்ததில் இரண்டு கல்யாண வேலை தேனிக் கடைகளுக்குப் போனது. மகள் என்னோடு பேசுவதையே நிறுத்தினாள்.

இன்று மாலை மாப்பிள்ளை எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா."

"அந்தக் கிறுக்கன் இப்ப என்ன சொல்றான்?"

மகள் சிரித்துவிட்டாள். "விடுங்க அத்தா, பாவம் அவரு."

நான் விடவில்லை. என் கையால்தான் ஆர்டர் போடுவேன் என்றேன். போனை நீட்டினார். அழுத்தினேன்.

எப்போது வந்து சேரும் என்று அதில் போடவில்லை. அதை நான் அவர்களிடம் சொல்லவும் இல்லை.