பின்பாரம் முந்நூற்றுப் பத்து கிலோ

11 பிப்ரவரி, புதன்கிழமை
காலை 10.20

அன்பு மனைவிக்கு,

இங்கு நான் நலம். இரத்த அழுத்தம் மட்டும் நேற்று நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றைந்து. அதற்கான காரணத்தை அடுத்த பத்தியில் காண்க. நீயும் மகளும் மருமகனும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

காரணம் இதுதான். நீ ஊன்றுகோல் இல்லாமல் பதினோரு அடி நடந்த செய்தியை மகள் எனக்கு இம்மாதம் 3ஆம் தேதி சொன்னாள். நான் மகிழ்ச்சி தாளாமல் வேலியோரம் சென்று பக்கத்துத் தோட்டத்து லாரிக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "ஆமாங்க பெரியவரே, நேத்தே அக்கா சொன்னாங்க. பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. கடைசி அடியை உங்க பொண்ணு எண்ணாம விட்டுட்டாங்களாம்" என்றார். ஆக, இரண்டாம் தேதியே அவருக்குத் தெரியும். தாலி கட்டியவனுக்கு மூன்றாம் தேதி, அதுவும் ஓரடி குறைவாக.

உன்னை 'அக்கா' என்பவர் முறைப்படி என்னை 'மாமா' என்றோ 'அத்தான்' என்றோ அழைக்க வேண்டும். 'பெரியவரே' என்கிறார். உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் நான்கு ஆண்டு, இரண்டு மாதம். அதற்குள் நீ அக்காவாகவும் நான் பெரியவராகவும் ஆனது எப்படி என்று விளங்கவில்லை. அவர் மீசைக்குச் சாயம் பூசுகிறார் என்பதை நீ அறிவாயா? ஜனவரி 18ஆம் தேதி மழையில் அது தாடைவரை வழிந்ததை நானே பார்த்தேன்.

நாள்தோறும் மாலை ஆறு பத்துக்கு அவருடைய தொலைபேசி ஒலிக்கிறது. அவர் தண்ணீர்த்தொட்டி அருகே நின்று பேசுகிறார், சிரிக்கிறார். என்னோடு பேசும்போது மட்டும் நீ, "மாத்திரை போட்டீங்களா? சரி, வெச்சிடவா?" என்று முடித்துவிடுகிறாய். உங்கள் இருவருக்கும் அப்படி என்னதான் பேச்சு? எழுபத்துமூன்று வயதில் இதைச் சந்தேகத்தில் கேட்கவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

இனி டிராக்டர் விஷயம். நீ விழுந்த அக்டோபர் 21க்குப் பிறகு, அதன் முன்னால் மாட்டிய லோடரை நான் தொடவே இல்லை. முன்னால் பக்கெட்டில் ஈர உரத்தை அள்ளித் தூக்கும்போது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் இருக்கப் பின்னால் பாரம் வேண்டும். ஆறு ஆண்டுகளாக அந்தப் பாரமாக நீதான் பின்பலகையில் நின்றாய். உன் எடை அறுபத்தெட்டு கிலோ. டிராக்டர் கையேட்டின் 47ஆம் பக்கம் கேட்பதோ முந்நூறு கிலோவுக்குக் குறையாமல். இந்தக் கழித்தலை நான் என்றோ போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

லாரிக்காரர் தம் கொட்டகையில் கிடக்கும் இரும்புக் கட்டியைத் தருவதாகச் சொன்னார். "சும்மாதான் கெடக்கு, எடுத்து மாட்டிக்குங்க" என்றார். வேண்டாம் என்றேன். அன்று நான் பக்கெட்டை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, ஓடி வருவதற்குள் வேலியைத் தாண்டி உன் அருகில் உட்கார்ந்திருந்தவர் அவர். தம் வண்டியில் உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் அவர். அங்கே பதிவேட்டில் 'உறவு: தம்பி' என்று எழுதியவரும் அவரே. என் டிராக்டரின் பின்பக்கத்தையாவது நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகையால் நேற்று முன்தினம், 9ஆம் தேதி, என் சொந்தப் பின்பாரத்தை வார்த்தேன். இருநூறு லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று. டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் கைகள் இரண்டும் பிடித்துக்கொள்ள, வெல்டர் அதன் அடிப்பக்கத்தில் குறுக்காகத் தடித்த தண்டு ஒன்றைச் செருகிப் பற்றவைத்துக் கொடுத்தார். மேலே பிடிக்கும் மூன்றாவது கைக்கு ஒரு துளையிட்ட காது. பாதிக்குச் சற்று மேல்வரை கான்கிரீட். மொத்தம் முந்நூற்றுப் பத்து கிலோ. கான்கிரீட் இருபத்தெட்டு நாள் இறுக வேண்டும். மார்ச் 9 அன்று மாட்டுவேன். அதுவரை 'யாரும் தொடக் கூடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுள்ளேன். இங்கு யாரும் என்றால் யார் என்பது உனக்குத் தெரியும்.

மார்ச் 15 முதல் நீ பயணம் செய்யலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறாராம். நீ வரும் தேதியை மகளிடம் கேட்டால், "அம்மா இன்னும் முடிவு பண்ணலப்பா" என்கிறாள். தன் வீட்டுக்கு வர முடிவு எதற்கு? தேதியை எழுது.

இப்படிக்கு,
உன் கணவன்


24 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை
பகல் 2.45

அன்பு மனைவிக்கு,

என் 11ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தாமதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்று பின்பாரத்துக்குப் பதினைந்தாம் நாள். நாற்றுத் தட்டுகளுக்கு உரம் குறைந்துவிட்டதால் ஒரு வாரமாகக் கூடையில் சுமந்துகொண்டிருந்தேன். நேற்றுக் காலை லாரிக்காரர் தம் டிராக்டரோடு வாசலில் நின்றார். நான் சட்டை மாற்றி வருவதற்குள் குவியலில் பாதியை நாற்றுக் கொட்டகைக்குள் கொண்டுபோய்விட்டார். யாரைக் கேட்டு என்றேன். "அக்கா சொன்னாங்க. பெரியவர் கூடை தூக்கறாரு, மணிக்கட்டு வீங்கியிருக்கும், போய்ப் பாருங்கன்னாங்க" என்றார். மணிக்கட்டு வீங்கித்தான் இருக்கிறது. அதை என்னிடம் கேட்டிருக்கலாம். என் மணிக்கட்டைப் பற்றிய செய்தி வேலிக்கு அப்பால் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

போகும்போது அட்டையையும் மீறிக் கான்கிரீட்டைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி ஆயிடுச்சே. இதுக்குப் போய் நாள் எண்ணிக்கிட்டு... இப்பவே மாட்டலாம் பெரியவரே" என்றார். இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டு என்றேன். "அதான் அக்காவும் சொன்னாங்க, நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு" என்று சிரித்தார். நான் சொல்லப்போவதும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது!

ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய கதை ஏதேனும் அவர் உன்னிடம் சொன்னாரா? சொல்லியிருந்தால் எந்தத் தேதியில்? அதனால்தான் உன் முடிவு தாமதமாகிறதா?

இப்படிக்கு,
உன் கணவன்


10 மார்ச், செவ்வாய்க்கிழமை
காலை 6.00

அன்பு மனைவிக்கு,

நேற்றுப் பின்பாரம் மாட்டப்பட்டது. 'மாட்டினேன்' என்று எழுதத்தான் ஆசை. முந்நூற்றுப் பத்து கிலோவை ஒருவனாக அரை அங்குலம்கூட நகர்த்த இயலவில்லை. டிராக்டரைப் பின்னால் எடுத்துவிட்டு இறங்கினால் தண்டு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். நான்கு முறை ஏறி இறங்கினேன். ஐந்தாம் முறை வேலிப்பக்கம் பார்த்தேன். அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டேன். வந்து மண்ணில் முழங்காலிட்டு, "இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... நிறுத்துங்க" என்று சொல்லி இரண்டு பக்கமும் முளை போட்டார். முடிந்ததும் நான் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றார்.

பிறகு ஈர உரத்தைப் பக்கெட் நிறைய அள்ளி, முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் கொட்டகைவரை ஓட்டினேன். பின்சக்கரம் மண்ணை அழுத்திப் பிடித்தபடியே வந்தது. ஒரு முறைகூடத் துள்ளவில்லை. திரும்பும் இடத்தில் வழக்கம்போல், "பிடிச்சுக்கோ" என்று பின்னால் பார்த்துச் சொல்லிவிட்டேன். அங்கே பீப்பாய் இருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டு அவரிடம் நேராகவே கேட்டேன், தினமும் உன்னோடு என்ன பேசிச் சிரிக்கிறார் என்று. "உங்க அட்டையைப் படிச்சுக் காட்டினேங்க. அக்கா சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்ல குழந்தை முழிச்சிருச்சாம்" என்றார். என்னை வைத்து அவர் உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறார். நீ கடைசியாக என்னிடம் சிரித்தது அக்டோபர் 20. அடுத்து நான் கேட்க வாயெடுத்த கேள்வியை அவரே புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "அதைச் சொல்லலீங்க. என் வாயால வரக்கூடாத விஷயம் அது" என்றார். ஐந்து மாதமாக நான் பயந்தது அவருடைய வாய்க்கு. அவர் அதை மூடியே வைத்திருந்தார். எனவே இதை நான் எழுதியாக வேண்டும்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலையில் அவர் வேலியோரம் வந்தார். "பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. அக்காவைப் பின்னாடி நிக்க வெக்காதீங்க. வண்டி முன்னாடி சாய்ஞ்சா மொதல்ல தூக்கி எறியறது அவங்களைத்தான். என்கிட்ட வெயிட் இருக்கு, இன்னிக்கே கொண்டாந்து மாட்டித் தரேன்" என்றார். நீ உள்ளிருந்து, "யாருங்க அது?" என்று கேட்டாய். கடப்பாரை இரவல் கேட்டு வந்தார் என்று சொன்னேன். மறுநாள் நீ கடப்பாரையைக் கழுவி வேலியில் சாய்த்து வைத்தாய். அவர் ஒன்றும் கேட்காமல் எடுத்துப்போய் மாலையில் திருப்பித் தந்தார்.

அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம் நீ அவருடைய மிளகாய்ச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்து, அவருக்குக் கைராசி என்று இரண்டு முறை சொன்னாய். அவர் கொடுத்த கட்டி என் டிராக்டரில் ஏறுவதை நீ பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். காரணம் இவ்வளவே. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 17க்குப் பிறகும் நானூற்று முப்பது நாள் அந்தப் பலகை உன் இடமாகவே இருந்தது. கடைசி நாளில்கூட, "இன்னிக்கு ரொம்ப ஈரமா இருக்கே, பாதி அள்ளினா போதாதா?" என்றாய். நீ பயந்தாங்கொள்ளி என்றேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். குளியலறையில் பிடிமானக் கம்பி இரண்டு பதிக்கப்பட்டுள்ளது. உயரம் உன் தோளுக்குக் கீழே ஒரு சாண் என்று நினைவிலிருந்து வைத்தேன், தவறாக இருந்தால் மாற்றுவேன். 15ஆம் தேதி நீ வந்தே ஆக வேண்டும் என்று இனி எழுத மாட்டேன். படித்துவிட்டு என்மீது எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கோபத்தை ஆறு பத்துக்கு அவரிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளாதே. அதையாவது முழுவதும் எனக்கே அனுப்பு.

நீ நோயின்றி நெடுநாள் நடமாட வேண்டும்.

உன் கணவன்