வர்க்கமூலம் போடக் காட்டித் தராதவளுக்கு

இன்று காலை உன் அண்ணன் என் கடைக்கு வந்தார். உன் முதலாம் ஆண்டு நினைவுக்குத் துண்டுப் பிரசுரம் அடிக்க வேண்டுமாம். உன் படத்துக்குக் கீழே போட எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "தன்னிடம் இருந்ததை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்தவள்." எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். பாவம், அந்த மனிதர் கண் கலங்க நின்றார். ஓர் எழுத்தும் மாற்றாமல் அடித்துக் கொடுத்தேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே தேயிலைத் தோட்டம், அடுத்தடுத்த லயத்து வீடுகள். காலையில் ஒரே பஸ்ஸில் பதுளைக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டைப்பிங் கடையில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்காருவோம். மத்தியானம் என் ரொட்டியும் உன் கட்டச் சம்பலும் ஒரே தாளில். "நீயாச்சும் தோட்டத்துல பேர் பதியாம இருடி" என்று எங்கள் அம்மா தினமும் சொல்லி அனுப்பும். உன் அம்மாவும் அதையேதான் சொன்னது. கூலி ஆளாகப் பேர் பதிந்துவிட்டால் விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம், அப்புறம் நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பு, அட்டைக்கடி. டைப்பிங் வேலையை விட்டால் நம் இரண்டு பேருக்கும் வேறு வழி கிடையாது.

கடிதம், விண்ணப்பம் எல்லாம் நானும் அடிப்பேன். பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் கணக்குப் பரீட்சைப் பேப்பர் மட்டும் உன்னுடையது. பின்னமும் வர்க்கமூலமும் எப்படிப் போடுகிறாய் என்று எட்டிப் பார்த்தால், இடது கையால் மானிட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாய். ஒருமுறை கெஞ்சியே கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ காட்டேன்டி."

"அது கைப்பழக்கம் புள்ள. காட்டினாலாம் வராது."

சொல்லிவிட்டு என் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொண்டாய்.

நீ கல்யாண வீட்டுக்குப் போன வாரத்தில் தவணைப் பரீட்சைக் கணக்குப் பேப்பர் வந்தது. மொதலாளி என்னிடம் கொடுத்தார். எனக்குத் தெரிந்த வழியில், எண்களுக்கு மேலே மவுஸால் கோடு இழுத்து இழுத்து வர்க்கமூலம் வரைந்தேன். நம் கடையில் எடுத்த தாளில் அழகாகத்தான் இருந்தது. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் திறந்ததும் கோடுகள் நகர்ந்துவிட்டன. யாரும் பார்க்காமல் அப்படியே அடித்தும் விட்டார்கள். பரீட்சை நடந்த அன்றே கணக்குப் படிப்பிக்கிற சேர் பேப்பரும் கையுமாக வந்து நின்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன பிள்ளை இது? நாலாம் கேள்வியின்ரை வர்க்கமூலம் அஞ்சாம் கேள்விக்கு மேலை கிடக்கு! பிள்ளையள் எதைச் செய்யிறது?"

மறுநாள் நீ வந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் புதுப் பேப்பரை அடித்துக் கொடுத்தாய். அப்போதும் மானிட்டர் சுவர்ப்பக்கம்தான். மொதலாளி என்னைக் கூப்பிட்டார். "கணக்கு அடிக்கத் தெரிஞ்ச ஆள் ஒன்னு போதும்மா எனக்கு" என்றார். நீ தலையைத் தூக்கவே இல்லை. 'நான் பழக்கிக் குடுக்கிறேங்க' என்று ஒரு வார்த்தை, உன் வாயில் வரவில்லை. அன்றோடு என் வேலை போனது; அந்த மாசமே தோட்டத்தில் என் பேரைப் பதிந்தார்கள்.

மழையில் கூடையோடு நிற்கும்போது, கீழே ரோட்டில் நீ குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவது தெரியும். ஒருநாளும் நீ மலைப்பக்கம் அண்ணாந்து பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்துப் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. அங்கிருந்த சிங்களப் பெண் நான் கேட்டதும் காட்டினாள். திரையின் மேலே 'இன்சர்ட்', அதற்குள் 'ஆப்ஜெக்ட்', அதற்குள் 'இக்குவேஷன்'. பெட்டி திறந்தது, வர்க்கமூலம் தானாக வந்து எண்ணின் மேல் கவிந்துகொண்டது. இவ்வளவுதானாடி? அவள் மேசையிலேயே அழுதுவிட்டேன். கஷ்டமான வித்தையாக இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். பேர் பதிகிற பயம் உனக்கும் இருந்தது, தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு சின்னக் கடை. யார் வந்து கேட்டாலும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிடுவேன். "அக்காவுக்குத் தங்கமான மனசு" என்கிறார்கள். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் உன் கன்னத்தில் ஒன்று வைக்கிற திருப்தி, அவ்வளவுதான். எதிர்க்கடைப் பெண்ணுக்கும் அப்படித்தான் காட்டிக்கொடுத்தேன். இந்தத் தவணை என்னிடம் வழக்கமாக வரும் கணக்கு டீச்சரை அவள் இழுத்துக்கொண்டாள். எங்கள் அம்மா பொரிந்து தள்ளியது.

"அவ மேல ஒனக்குக் கோவமே வரலியாடி?"

வரவில்லை. இருக்கிற கோபம் உனக்கே போதவில்லை. அவளுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?