மண்டலுக்குப் புரியாத மொழியில் ஒரு வலைப்பூ

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

நீ கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. நாற்றுக் கடை ஓடுகிறது. நம் தீவுக்குக் கப்பல் இன்னும் தாமதமாகத்தான் வருகிறது, மெயின்லேண்ட் விதையில் பாதி இன்னும் முளைப்பதில்லை.

உன் வீட்டுக்காரர் எனக்கு ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்திருக்கிறார். சுனாமியன்று நிலம் தாழ்ந்ததிலிருந்து ஒவ்வொரு கடலேற்றத்துக்கும் உப்புத் தண்ணீர் வந்து போகிற வயல்களில் எதுதான் பிழைக்கும் என்று நம் துண்டு நிலத்தில் நட்டுப் பார்க்கிறேன் அல்லவா? அதை அப்படியே எழுதச் சொல்கிறார். எழுதினால்தான் கற்றுக்கொள்ள முடியுமாம். மூன்று மாதமாகப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நெட் வரவில்லை என்று சாக்கு சொல்கிறேன். பாதி நாள் அது நிஜமும்கூட.

என்ன எழுத? நெல் செத்தது. பாக்கு செத்தது. போன மாதம் தென்னையும் குருத்து கருகிவிட்டது.

"தெரிஞ்ச அப்புறம் எழுதிக்கிறேன் மாப்ள" என்றேன்.

"தெரிஞ்ச அப்புறம் எழுதினா அது விளம்பரம், மச்சான். தெரியாதப்பவே எழுதுங்க. நாலு பேரு திருத்துவாங்க."

உன்னோடு குடித்தனம் நடத்தியதில் வந்த வாய்.

வியாபாரி தனக்குத் தெரியாது என்று எழுதி ஊருக்குக் காட்டலாமா? ஒருமுறை நீ கடையில் ஒருவரிடம் "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்றாய். அவர் எதிரிலேயே உன்னைக் கடிந்துகொண்டேன். அவர் அடுத்த கடைக்குப் போனார். நான் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கு நினைத்தேன்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. என்னிடம் கன்று வாங்குகிறவர்கள் முக்கால்வாசி வங்காளிகள். தமிழில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது. கற்றுக்கொண்டதும் ஆயிற்று, கடையும் தப்பியது. உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரர்தான் மச்சான் நீங்க. அப்ப யாருக்கு எழுதுறீங்க?"

நான் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

நேற்று மண்டல் வந்தார். என்னிடம் வாங்கி நட்ட பாக்குக் கன்று அத்தனையும் உப்பில் பறிகொடுத்த வங்காளி விவசாயி. திட்டவில்லை. "அண்ணா, இஸ் பார் க்யா லகாவூம்?" என்றார். இந்தத் தடவை என்ன நடலாம் என்று மறுபடி என்னையே கேட்கிறார், செல்வி. தென்னை என்றேன். உப்பைத் தாங்கும் என்றேன். நம் நிலத்தில் கருகி நிற்பதைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. தென்னங்கன்றுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இதை நீயாக இருந்தால் செய்திருப்பாயா?

எனக்கு நம்பிக்கை ஒன்றும் இல்லை. எடுத்த வயலைக் கடல் திருப்பித் தராது. என் எழுத்தைப் படித்து எவர் வயலிலும் ஒன்றும் விளையப் போவதில்லை. இந்த வயதில் நான் எதைக் கற்றுக் கிழிப்பேன் என்றும் தெரியவில்லை.

ஆனாலும் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மண்டல் வீட்டுக்குப் போவேன். நம் நிலத்தில் செத்த தென்னங்கன்று ஒன்றைப் பிடுங்கி எடுத்துப் போய் அவர் முன்னால் வைப்பேன். நடந்ததை அவருக்குப் புரிகிற இந்தியில் சொல்வேன். அவர் என்ன சொல்லித் திட்டுகிறாரோ, அதுதான் என் முதல் பதிவு.

உன் கூடப்பிறந்த அண்ணன்