மலையை விட்ட பாதை

அன்பு மகளுக்கு,

இந்த வருட சைக்கிள் பந்தயத்தின் பாதையைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். கடைசி நாளில் மலையே இல்லை! சலூனில் முடிவெட்டுபவர் கத்தரியை வைத்துவிட்டு, "எந்த மடையன்டா இந்தப் பாதையப் போட்டது?" என்று கொதித்தார். பாதி வெட்டிய தலையோடு நானும் சேர்ந்து கத்தினேன். போட்டது என் மகள் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். மலைக்குப் போகவேண்டிய கோடு நம் தெருவுக்குள் நுழைந்து, உன் அம்மா எழ முடியாமல் படுத்திருக்கும் கட்டிலின் ஜன்னலோரமாகப் போகிறது.

அவளிடம் சொன்னேன். "ஜன்னலத் தொடச்சு வைங்க" என்றாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

யார் திட்டினாலும் பாதையை மாற்றாதே. ஆனால் கண்ணு, மலையையே நகர்த்திய நீ, பந்தயத் தேதியைக் கொஞ்சம் முன்னால் இழுக்க முடியாதா?

அப்பா