குறைந்தபட்சம் பதின்மூன்றாயிரம் பீப்பாய்

நாள் 10 — 06:20

இடம்: வங்கக் கடலின் அடித்தரை, 1,620 மீட்டர் ஆழம், ஆழ்நிலையம் 3. ஆள்: ஒருவர். டாக்டர் மங்கையர்க்கரசி, திரவ ஓட்ட ஆய்வாளர். மின்கலம் 91 சதவீதம். காற்று பதினெட்டு நாளைக்கு வரும்.

இந்தப் பதிவு யார் கையில் கிடைக்கிறதோ அவருக்காகச் சொல்கிறேன். நானூறு மீட்டர் தள்ளி ஓர் எண்ணெய்க் கிணறு உடைந்து, பத்து நாளாகக் கக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்க என்னை இறக்கியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கிணற்றின் வாய்க்கு மூடி செய்யப்போகிறார்கள்.

கம்பெனி சொல்வது இரண்டாயிரம் பீப்பாய். ஹெலிகாப்டரில் சுற்றி, மேலே மிதக்கும் படலத்தைப் பார்த்துச் சொன்னார்களாம். எண்ணெயைக் கரைக்கும் மருந்தைக் கிணற்றடியிலேயே பீய்ச்சுவதும் இவர்கள்தான். பாதி எண்ணெய் மேலேயே வராதபோது மேலே என்னத்தைப் பார்த்துக் கிழித்தார்கள்? காலையிலேயே எரிச்சல். காபித்தூள் வேறு கட்டிதட்டிவிட்டது.

நாள் 11 — 10:45

கேமரா வண்டி கிணற்றருகே நிற்கிறது. குழாய் வாயின் அகலம் ஐம்பது சென்டிமீட்டர். புகைபோல் சுருண்டு வரும் எண்ணெயில் ஒரு சுருளைக் குறித்துக்கொண்டு, அடுத்த படத்தில் அது எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறேன். இருநூறு சுருள்கள் பார்த்தாயிற்று, கண் பூத்துப்போனது. சராசரி நொடிக்கு அறுபது சென்டிமீட்டர்.

இது வெளி ஓரத்தின் வேகம்தான். உள்ளே இரண்டு மடங்குகூட இருக்கலாம். வருவதில் எண்ணெய் எவ்வளவு, வாயு எவ்வளவு என்றும் தெரியாது. எல்லாவற்றையும் குறைத்துப் போட்டால் 13,000 பீப்பாய். கூட்டிப் போட்டால் 51,000.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம். அதில் 13,000 என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எவனும் மறுக்க முடியாத எண்ணை மட்டும் எழுது என்று இருபது வருடமாகப் பழகிய கை. ‘குறைந்தபட்சம்’ என்பதைக் குறிப்புப் பகுதியில் போட்டிருக்கிறேன்.

நாள் 11 — 11:30

கரையிலிருந்து ரொசாரியோ பேசினார். கம்பெனியின் திட்ட மேலாளர். இரண்டாயிரம் பதின்மூன்றாயிரம் ஆனதற்குச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. “பதிமூணுதானே மேடம்? சரி, மூடிய பதினஞ்சுக்குப் பண்ணிடறோம். ரெண்டாயிரம் எக்ஸ்ட்ராவே இருக்கு.”

குறிப்பைப் படிக்கச் சொன்னேன். படிக்கிறேன் என்றார்.

நாள் 14 — 15:10

மாதிரிக் குப்பி ஒருவழியாக நிரம்பியது. எண்ணெய் 41 சதவீதம். ஒலி அலையால் வேகம் அளக்கும் கருவியை நேராக ஓட்டத்துக்குள் விட்டுப் பார்த்தேன். சராசரி வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். மூன்று தடவை கணக்குப் போட்டேன், மூன்று தடவையும் ஐம்பத்திரண்டாயிரம்.

மூடியின் வடிகால் துளை பதினைந்தாயிரத்துக்குத்தான் வழிவிடும். மிச்சம் கிணற்றுச் சுவரை உடைத்து, கடலடியைப் பிளந்துகொண்டு வரும். வாயு மொத்தமும் நேர் மேலே போகும். அங்கேதான் என்னை இறக்கிய எங்கள் கப்பல் நிற்கிறது. நாற்பத்து மூன்று பேர். நுரைத்த தண்ணீர் கப்பலைத் தாங்காது.

அவசரம் என்று போட்டு அனுப்பினேன். பத்திரமான எண்ணாம், மண்ணாங்கட்டி. அன்றைக்கே 51,000-ஐயும் அந்தக் கட்டத்தில் எழுதித் தொலைத்திருக்கலாம்.

நாள் 15 — 09:40

ரொசாரியோ: “நீங்கதான் மேடம் பதிமூணுன்னு கையெழுத்துப் போட்டீங்க. நாலு நாள்ல நாலு மடங்குன்னா யாரு நம்புவா? மூடிய இறக்கியாச்சு.”

மாதிரியின் அளவு, படங்கள், எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினேன். பத்தாவது நிமிடம் படம் போகும் இணைப்பை அறுத்துவிட்டார்கள். எழுத்தும் குரலும் மட்டும் போகிறது. மூடுவதற்குச் சம்மதம் என்று ஒரு வரி அனுப்பினால் என்னை ஏற்றும் கூண்டை இறக்கச் சொல்வாராம். மாட்டேன் என்றேன். அப்படியென்றால் அங்கேயே இருங்கள் என்று வைத்துவிட்டார். பாவி.

நாள் 16 — 13:05

பதினான்கு மணிக்கு மூடுகிறார்கள். பொத்தான் கரையில் இருக்கிறது. என் சம்மதம் தேவையில்லையாம், பதினோராம் நாள் கையெழுத்தே போதுமாம்.

நாள் 16 — 13:14

கப்பலிலிருந்து கேப்டன் மச்சாடோ கூப்பிட்டார். தூத்துக்குடிக்காரர், இத்தனை நாளில் வானிலை தவிர எதுவும் பேசியதில்லை. என் செய்தி எதையும் கரை அவருக்குக் காட்டவில்லை; நகல் போகிறது என்றே நான் நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். நான் இங்க நிக்கலாமா, கூடாதா?”

கூடாது என்றேன். மூன்று கிலோமீட்டராவது போக வேண்டும், உடனே. கூண்டு இறங்கி ஏற மூன்று மணி நேரம் ஆகும் என்று அவருக்கும் தெரியும். கப்பல் நகர்ந்தால் கூண்டை வழிநடத்தும் வடமும் கப்பலோடான என் இணைப்பும் போகும்.

“ஒங்கள விட்டுட்டு எப்படிம்மா போவ?”

நாற்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு என்னிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள் என்று கத்தினேன். உண்மையில் போகாதீர்கள் என்றுதான் கத்த வந்தது. எனக்குச் சாக விருப்பமில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 16 — 13:31

கப்பல் இணைப்பு இல்லை. வடம் அறுந்து, கூரையில் உரசிக்கொண்டு விழுந்தது. போய்விட்டார்கள். நல்லது.

கரை இணைப்பு தனிக் கடலடி வடத்தில் வருவதால் இருக்கிறது. ஐம்பத்திரண்டாயிரம் என்று எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

நாள் 16 — 14:00

மூடினார்கள். கேமராவில் கக்கல் மெலிந்துவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

14:06

கிணற்று அழுத்தம் ஏறி, ஏறி, சட்டென்று பாதியாக விழுந்தது. சுவர் போய்விட்டது. தரை அதிர்கிறது.

14:09

கிணற்றுக்குக் கிழக்கே மண் வாய் பிளந்திருக்கிறது. கேமரா வண்டி உள்ளே போய்விட்டது. என் விளக்கு எட்டும் தூரத்தில் குமிழிகள்.

14:13

கரையிலிருந்து செய்தி. எனக்கு இல்லை, பத்திரிகைகளுக்கு. நகல் எனக்கும் வந்திருக்கிறது.

“கசிவு முழுமையாக நிறுத்தப்பட்டது. தற்போதைய வெளியேற்றம்: பூஜ்யம். பணியாளர் அனைவரும் நலம். அளவீட்டுப் பணி நிறைவடைந்ததால் ஆழ்நிலையம் 3-இன் இணைப்பு 14:15-க்குத் துண்டிக்கப்படும்.”

14:16

பிளவு சன்னலுக்கு நேரே. அகலம் ஒரு மீட்டர் இருக்கும். வேகம் நொடிக்கு இரண்டுக்கு மேல். இந்த எண்ணைக் குறைத்து எழுத மாட்டேன். ஒரு நாளைக்கு, மூன்று லட்சத்து