நடுக்கண்ணை அடைத்தவனுக்கு

அன்பு மச்சான் கருப்பையா,

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. உன் கடைசி இரண்டு வருடமும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன் நான். உன் சாவுக்குக்கூட ரோட்டில் நின்றுதான் பார்த்தேன். படி ஏறி உன் லயத்து வீட்டுக்கு வரவில்லை. ஊருக்கே தெரிந்த கதை. அதனால் இதையும் ஊர் படிக்கவே எழுதுகிறேன்.

முதலில் சேதி. கல்லுக்கட்டு விழவில்லை. உன் வீடு நிற்கிறது. என் தங்கச்சி ராக்காயி நேற்றுக் காலை தன் அடுப்பிலேயே தேத்தண்ணி வைத்தாள். போதுமா?

இந்தத் தடவை மழை, மழையாகப் பெய்யவில்லை. திம்புள்ளப் பக்கம் பல இடத்தில் மண் சரிந்தது. நம் வளைவில் ரோட்டோரக் கட்டுக்கு மேலே வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளை மொத்தமாகக் காலி பண்ணி, சனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். ராக்காயி மட்டும் அசையவில்லை.

"அவரு கட்டுன கட்டுண்ணே. என்னையத் தள்ளாது."

"கட்டுனவனே கெடுத்துட்டுப் போயிட்டான். எறங்குடி கீழ!" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஏன் கத்தினேன் என்று உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் நம் பாட்டன்மார் சாந்து தொடாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய கட்டு அது. மலைத் தண்ணீர் வழிந்தோட இடையிடையே கண் விட்டிருந்தார்கள். ரோட்டு வேலையில் இருந்த காலத்தில் நடுவில் சரிந்த துண்டை நீயும் நானும்தான் எடுத்துக் கட்டினோம். முகம் முழுக்கச் சிமெண்டு பூசச் சொன்ன ஓவர்சியரிடம், "பூசிட்டா தண்ணி எங்கங்கையா போகும், ஒங்க குவாட்டர்சுக்கா?" என்று கேட்டவன் நீ.

அப்படிக் கேட்டவன்தான், அந்த வளைவில் ஒரு பஸ் கவிழாமல் தப்பிய மறுவாரம், நடுக்கண்ணில் சூலத்தை ஊன்றி, சுற்றிச் சிமெண்டு பூசி, முனியாண்டிக்கு மாடம் கட்டினான். நானுஓயாவிலிருந்து வரும் வேன்காரர்கள் நிறுத்திக் கற்பூரம் ஏற்றினார்கள். பள்ளத்தாக்கைப் படம் பிடிக்க இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் முனியையும் படம் பிடித்தார்கள்.

"கண்ண அடச்சிட்டியேடா, பாவி" என்றேன்.

"சாமி பாத்துக்கும். நீ வாய மூடு மச்சான்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்போடு முறிந்தது. அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்த வளைவு வந்தாலே மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஐந்து வருடமாகப் பள்ளத்தாக்கை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மழை கொஞ்சம் தணிந்த காலையில் அலவாங்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாடத்தைப் பெயர்த்துத் தண்ணீரை வெளியே விடாவிட்டால் கட்டு வயிறு தள்ளிச் சரிந்துவிடும் என்ற பயம். ஒரு வேன்காரன் பிரேக் போட்டுத் தலையை நீட்டினான்.

"தாத்தா, சாமி மேல கை வைக்காதீங்க! அப்புறம் இந்த வளைவுல நாங்க எப்பிடி ஓட்டுறது?"

"மெதுவா ஓட்டு."

பள்ளிக்கூடத்திலிருந்து பின்னாலேயே வந்த ராக்காயி என்னைத் தடுக்கவில்லை. "ஒடைங்கண்ணே. அதுக்கு முன்னாடி கீழ கான்ல அந்தப் புல்ல வெலக்கிப் பாருங்க" என்றாள்.

விலக்கினேன். மாடத்துக்கு நேர் கீழே, மழைத் தண்ணீர் ஓடும் ரோட்டோரக் கானுக்குள் வாய் வைத்து ஒரு குழாய். என் மணிக்கட்டைவிடப் பெரியது. அதிலிருந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. கையில் ஏந்திப் பார்த்தேன். மண் கலங்கல் இல்லை. மாடத்துக்குப் பின்னால் பொடிக்கல் நிரப்பி, சரிவாகக் குழாய் இறக்கி, அதற்கு மேல்தான் சிமெண்டு பூசியிருக்கிறாய்.

"இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க எங்க பேச விட்டீங்க? அவரும் சொல்லாதன்னுட்டாரு. 'ஒங்கண்ணன் தானா வந்து பாக்கட்டும், வந்தா திட்டிக்கிட்டே ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பான்'னாரு."

அலவாங்கைக் கீழே போட்டேன். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ராக்காயி சிரித்தாள். அச்சு அசல் உன் சிரிப்பு.

இரண்டு நாள் கழித்து, கட்டைப் பார்க்க வந்த அதிகாரி மேலும் கீழும் நடந்து தட்டிப் பார்த்துவிட்டு, "பெம்ம ஹொந்தய், சீயா" என்றார். சிங்களத்தில், கட்டு நன்றாக இருக்கிறது தாத்தா என்று. சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். நெஞ்சில் ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தது அன்றுதான் இறங்கியது. என் தங்கச்சியை ஆபத்தில் வைத்துவிட்டுப் போனாய் என்றல்லவா உன்னை நினைத்திருந்தேன்.

ஆனாலும் கேட்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன மச்சான்? நான் படி ஏறி வந்திருப்பேனே. வந்திருப்பேனா? தெரியவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். குழாயில் குப்பை அடைக்கும். பாட்டன் விட்ட கண் இத்தனை காலம் அடைக்கவில்லை. நீ செய்தது தப்புதான். அழகாகச் செய்த தப்பு.

மாடத்தை நான் தொடவில்லை. கற்பூரமும் ஏற்ற மாட்டேன், அதை ராக்காயி பார்த்துக்கொள்வாள். ஞாயிறுதோறும் வந்து குழாய் வாயைக் குத்திச் சுத்தம் பண்ணுவேன். பண்ணிவிட்டு, படி ஏறி உன் வீட்டுக்கு வந்து, உன்னைத் திட்டிக்கொண்டே ஒரு கோப்பை குடிப்பேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரியின் அண்ணன்,
கோபம் முக்கால்வாசி தீர்ந்த மச்சான்,
முத்துவேலு