பிரேக் இல்லாத சைக்கிளில் நின்றவள்

நாம் கொண்டாடிய சைக்கிள் வீராங்கனை, அந்த லிதுவேனியாக்காரியின் பெயர் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயப் பட்டியலில் இருக்கிறது. போட்டி நடத்துபவர்கள் இன்று காலை வெளியிட்ட பட்டியல். இரண்டு முறை சரிபார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு அவள் ஓட்டப்போகும் முதல் பந்தயம். நீ இருந்திருந்தால் எனக்கு முன்பே பார்த்திருப்பாய்.

பெரம்பலூரில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டது நாம் இருவர்தான். அவளுடைய பந்தயத்தில் இருவர் மட்டுமே மோதுவார்கள். முன்னால் போகிறவர் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் வருபவர் அந்த மறைவில் தெம்பைச் சேர்த்து, கடைசியில் முந்திவிடுவார். அதனால் சில நேரம் இருவருமே முன்னால் போகாமல், பிரேக் இல்லாத அந்தச் சைக்கிளின் பெடலில் ஏறியபடி அசையாமல் நிற்பார்கள். கால் தரையில் படக் கூடாது.

குரும்பலூர் மைதானத்தில் நீ அப்படி நின்று பழகும்போது டீக்கடைக்காரர் கேட்பார்.

“என்னம்மா, செயின் கழண்டுடுச்சா?”

“இல்லண்ணே. முன்னாடி போறவங்க போவட்டும்னு நிக்கிறேன்.”

“முன்னாடி யாருமே இல்லியே.”

“அதாண்ணே நிக்கிறேன்.”

லிதுவேனியாக்காரி பதக்கம் வாங்கியபோது வேகத்தைப் பற்றி எழுதியவர்கள், கர்ப்பம் என்றதும் ‘முன்னாள் வீராங்கனை’ என்று எழுதினார்கள். நீ கொதித்துப்போனாய். “நின்னா முடிஞ்சிடுச்சாக்கா? கால் கீழ பட்டுச்சான்னு பாக்க வேணாமா?”

உனக்கு மகள் பிறந்ததும் ஊர் உன்னையும் அதே கணக்கில் சேர்த்தது. உன் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையிலிருந்து திரும்பும்வரை மகளை மைதான ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு ஓட்டினாய். மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாய். காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை.

நீ போன மறுநாள் ஒரு பத்திரிகையின் பெரம்பலூர்-அரியலூர்ப் பக்கத்தில் உன் மறைவுச் செய்தி வந்தது. அதிலும் ‘முன்னாள்’. திருத்தம் கேட்டு அவர்கள் ஆபீஸுக்கே போனேன்.

“செத்துப்போனவங்களுக்கு முன்னாள் என்ன, இந்நாள் என்னங்க?” என்றார் அங்கிருந்தவர்.

“பெயர் கொடுத்திருந்தாங்க சார். ஓட்டிக்கிட்டு இருந்தாங்க.”

திருத்தம் வரவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வாரம் நான் எழுதும் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு லிதுவேனியாக்காரியின் பந்தய வாழ்க்கையை எழுதினேன். அவளைப் பார்த்து ஓட்டியவள் என்று உன்னையும் எழுதினேன். ஆசிரியர் உங்கள் இருவர் பெயருக்கு முன்னும் ‘முன்னாள்’ என்ற அந்தச் சொல்லைச் சேர்த்து அனுப்பியிருந்தார். போன் செய்தேன்.

“அவ ஜெயிச்சா அடுத்த வாரம் மாத்திடலாங்க மேடம்.”

“தோத்தாலும் ஓட்டுனவதான் சார். அந்தச் சொல்லை எடுத்துட்டுப் போடுங்க. ரெண்டு பேருக்கும். இல்லேன்னா கட்டுரையே வேணாம்.”

யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பக்கம் சனிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் வர வேண்டும். பந்தயம் மறுநாள்தான். அதன் முடிவுக்காக நான் காத்திருக்கவில்லை.